தொடுதிரையும் பொத்தான்களும் சேர்ந்த நடுத்தர விலைக் கைபேசிகள்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் கைபேசி திருத்தும் மேசையொன்றில் நான் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். வட்டக்கச்சி, விசுவமடு, ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு ஆகிய இடங்களிலிருந்து வருபவர்கள், திரையும் பொத்தான்களும் ஒன்றாக உள்ள கைபேசிகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

“தம்பி, ஒண்டில் டச் போன், இல்லாட்டி பட்டன் போன். ரெண்டும் சேர்ந்தது என்ன போன்?”

திரையைத் தொட்டும் இயக்கலாம், கீழே உள்ள பொத்தான்களை அழுத்தியும் இயக்கலாம் என்ற வகைக் கைபேசி அது. சிலவற்றில் சிறிய திரைக்குக் கீழே 12 இலக்கப் பொத்தான்கள் இருக்கும்; சிலவற்றில் கணினியைப் போல ஆங்கில எழுத்துகள் முழுவதற்கும் தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும்; வேறு சில, புத்தகம் போல மடித்து விரிப்பவை.

நொக்கியா நிறுவனம் இந்த வகையில் 2010ஆம் ஆண்டில் எக்ஸ்3-02, சி3-01 ஆகிய இரண்டையும், 2011 ஒக்டோபரில் ஆஷா 300, ஆஷா 303 ஆகியவற்றையும், 2012இல் இரண்டு சிம் போடக்கூடிய ஆஷா 202ஐயும் அறிவித்தது. வன்னியின் பெரும்பகுதிக்குக் கைபேசிக் கோபுரங்கள் வந்ததே 2009இல் போர் முடிந்த பின்னர்தான் என்பதால், இங்குள்ள பல வீடுகளுக்கு முதன்முதலில் வந்த கைபேசிகளுள் இந்த வகையும் ஒன்றாக அமைந்தது. இன்றும் அலுமாரிகளிலிருந்து அவை என் மேசைக்கு வருவதற்கு அதுவே காரணம் என நினைக்கிறேன்.

“நடுத்தர விலை எண்டா எவ்வளவு?”

ரூபாவில் ஒரு தொகையைச் சொன்னால் அது விரைவில் பொய்யாகிவிடும்; 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சென்றதை நாம் எல்லோரும் கண்டோம். ஆஷா 300 வெளியானபோது வரி நீங்கலாக 85 யூரோவும், ஆஷா 303 115 யூரோவும் விலை குறிக்கப்பட்டன. கதைப்பதற்கு மட்டுமான சாதாரண பட்டன் போனை விட விலை கூடியதும், பெரிய நிறுவனங்களின் உச்ச விலைக் கைபேசிகளை விட மிகக் குறைந்ததுமான இடைப்பட்ட வகையையே இந்தப் பக்கத்தில் நடுத்தரம் என்கிறேன்.

“வயலால வந்த கையோட தொட்டா திரை வேலை செய்யுதில்லை. போனில பிழையோ, கையில பிழையோ?”

இரண்டிலும் பிழை இல்லை. கைபேசிகளின் தொடுதிரைகள் முதன்மையாக இரண்டு வகைப்படும். இன்று பெரும்பாலான கைபேசிகளில் இருப்பது மின்னேற்றத்தை உணரும் திரை: கண்ணாடிக்குக் கீழே மெல்லிய மின்புலம் ஒன்று இருக்கும், நம் விரல் மின்னைக் கடத்துவதால் தொட்ட இடத்தில் அந்தப் புலம் சற்று மாறும், அந்த மாற்றத்தைக் கொண்டு எங்கே தொட்டோம் என்பதைக் கைபேசி கண்டுபிடிக்கும். மண்வெட்டி பிடித்துத் தோல் தடித்துக் காய்ந்த விரலில் இந்தக் கடத்தல் குறைவாக இருப்பதால், சிலருடைய தொடுகையைத் திரை உணர்வதில்லை. ஈரக் கையில் நிலைமை நேர்மாறானது. தண்ணீரும் மின்னைக் கடத்துவதால், ஒரு துளி விழுந்த இடத்தையும் விரல் என்றே திரை எண்ணிக்கொள்ளும்.

மற்றது அழுத்தத்தை உணரும் திரை. இதில் ஒளி ஊடுருவும் இரண்டு மெல்லிய படலங்கள் நூலிழை இடைவெளியில் இருக்கும்; அழுத்தும்போது மேல் படலம் வளைந்து கீழ்ப் படலத்தில் முட்டும், அந்த இடத்தின் மின்னழுத்தத்தைக் கொண்டு இடம் கணிக்கப்படும். விரல், நகம், பேனை மூடி, கையுறை எதனால் அழுத்தினாலும் அது வேலை செய்யும். எக்ஸ்3-02, சி3-01, ஆஷா 202, ஆஷா 300 ஆகியவற்றில் இந்த அழுத்தத் திரையும், ஆஷா 303இல் மின்னேற்றத் திரையும் உள்ளன. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலில் நிற்பவருக்கும், முல்லைத்தீவில் வலை இழுப்பவருக்கும் இந்த வித்தியாசம் கமராவின் தரத்தை விட முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து. வாங்கும் முன் ஒரு விரலை நனைத்துத் திரையைத் தொட்டுப் பாருங்கள். அதற்கு அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

“அப்ப அமத்துற திரைதான் நல்லது எண்டு சொல்லுறியளோ?”

அப்படிச் சொல்ல மாட்டேன். அதன் மேற்பரப்பு பிளாஸ்ரிக்காக இருப்பதால் எளிதில் கீறல் விழும். வெயிலில் பார்க்கக் கடினம். இரண்டு விரல்களை விரித்துப் படத்தைப் பெருப்பிப்பது அதில் இயலாது. சில ஆண்டுகளில் அழுத்திய இடம் ஒன்றாகவும் திறக்கும் இடம் வேறொன்றாகவும் விலகத் தொடங்கும். மேலும், இப்போது புதிதாக வரும் கைபேசிகளில் அந்தத் திரை ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆகவே இன்று நாம் செய்யக்கூடியது, மின்னேற்றத் திரையுடன் நல்ல பொத்தான்களும் உள்ள ஒன்றைத் தேடுவதே. திரை கை கொடுக்காத நேரத்தில் பொத்தான் கை கொடுக்கும்.

“பட்டன் இருக்கேக்க திரையை ஏன் தொடவேணும்?”

ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வேலை வேறு. இலக்கம் அழுத்துவது, அழைப்பை எடுப்பது, வைப்பது, ஒலியைக் குறைப்பது ஆகியவை பொத்தானில் வேகமாகவும் பார்க்காமலும் செய்யக்கூடியவை. நீண்ட பெயர்ப் பட்டியலில் கீழே செல்வது, படம் பார்ப்பது, வரைபடத்தை நகர்த்துவது போன்றவற்றைப் பொத்தானால் செய்வது கை வலிக்கும் வேலை. அங்கே திரை உதவும்.

5ஆம் இலக்கப் பொத்தானின் மேல் ஒரு சிறு புள்ளியோ கோடோ புடைத்திருப்பதைப் பலர் கவனித்ததில்லை. கண்பார்வை குறைந்த என் அம்மா அந்தப் புள்ளியில் பெருவிரலை வைத்துத்தான் மற்ற எல்லா இலக்கங்களையும் கண்டுபிடிக்கிறார். வெறும் கண்ணாடியில் அவருக்கு அந்த வழி கிடைப்பதில்லை. வயது போனவர்களுக்குக் கைபேசி அமைத்துக் கொடுக்கும்போது, 2ஐ அழுத்திப் பிடித்தால் மகளுக்கும், 3ஐ அழுத்திப் பிடித்தால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கும் அழைப்புப் போகும்படி நான் அமைத்து விடுவேன். யானை நடமாடும் பாதையோரம் வீடு உள்ளவர்களுக்கு, அயலவர் ஒருவரின் இலக்கத்தை 4இல் வைக்கச் சொல்வேன்.

“இதில தமிழ் எழுத ஏலுமோ?”

எழுதலாம், ஆனால் பெரும்பாலும் பொத்தானால் எழுத இயலாது. 12 பொத்தான்களில் அச்சிட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளே. அன்ட்ரொய்ட் உள்ள கைபேசியாக இருந்தால் கூகுள் விசைப்பலகையையோ, 2005இலிருந்து புழக்கத்தில் உள்ள செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகையையோ திரையில் வரவழைத்துத் தமிழில் எழுதலாம். திரை மிகச் சிறியதாக இருந்தால் எழுத்துகள் நெருங்கி, ‘ண’வைத் தொட்டால் ‘ன’ வரும்.

அவ்வாறான சிறிய திரைக்கு நான் பரிந்துரைப்பது பேச்சை எழுத்தாக்கும் வசதியை. கூகுளின் பட்டியலில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று தனித்தனியே இருப்பதால், “இலங்கை” என்று இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். ஆங்கில எழுத்துகள் முழுவதும் உள்ள பொத்தான் பலகையில் தமிழை ஒலிப்படி ஆங்கிலத்தில் தட்டுவதே நம் இளைஞர்களின் வழக்கமாக இருக்கிறது. அதை வாசிக்கும் தாத்தாமாரையும் சற்று நினைத்துக்கொள்வது நல்லது.

“ஒரு சின்னத் தமிழ் எஸ்.எம்.எஸ்.தான் அனுப்பினனான். ஏன் ரெண்டு எஸ்.எம்.எஸ். காசு வெட்டினது?”

ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் போன்ற மொழிகளுக்கு யுனிகோட் முறை பயன்படுவதால் ஒரு செய்தியில் 70 இடங்கள் மட்டுமே உண்டு. அதைத் தாண்டினால் ஒவ்வொன்றும் 67 இடங்கள் கொண்ட துண்டுகளாகப் பிரிந்து போகும், ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம் எடுக்கப்படும்.

அத்துடன், நாம் எண்ணும் எழுத்தும் கைபேசி எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. “நாளைக்கு வாறன்” என்று எழுதினால் நம் கணக்கில் ஏழு எழுத்துகள். கைபேசிக்கோ ‘நா’ என்பது ந, கால் என இரண்டு. ‘க்’ என்பது க, புள்ளி என இரண்டு. இப்படி எண்ணினால் நடுவிலுள்ள இடைவெளியையும் சேர்த்து 14 இடங்கள் போய்விடும். 70 இடங்கள் எவ்வளவு விரைவில் நிரம்பும் என்பதை இதிலிருந்து கணித்துக்கொள்ளலாம். எழுதும் பெட்டியின் மூலையில் எஞ்சிய இடங்களைக் காட்டும் எண் தெரியும். அதைப் பார்த்து எழுதினால் வீண் செலவு இராது.

“அலுமாரிக்குள்ள பழைய ஆஷா ஒண்டு இருக்கு. வட்ஸ்அப் போட்டுத் தருவியளோ?”

இந்தக் கேள்வியோடு வருபவர்களைத் திருப்பி அனுப்பும்போது எனக்கு உண்மையிலேயே மனவருத்தமாக இருக்கிறது. ஆஷா வகையில் பயன்படும் எஸ்40 என்னும் இயங்குதளத்துக்கான வட்ஸ்அப் 2018 டிசம்பர் 31உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. எந்தக் கடையாலும் அதை மீட்க முடியாது. “நான் போட்டுத் தாறன்” என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். பழைய பிளக்பெரிகளின் நிலையும் இதுவே. அவற்றின் சொந்த இயங்குதளத்துக்கான சேவைகள் 2022 ஜனவரி 4இல் முடிவுக்கு வந்தன.

ஆனாலும் அந்த ஆஷாவை எறிய வேண்டியதில்லை. கதைக்கலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், காதுக்கருவியைச் செருகினால் அதன் வயரே அன்ரனாவாகி எப்.எம். வானொலி கேட்கும். மார்கழி வெள்ளத்தில் இணையம் விழுந்த நாட்களில் வானொலிச் செய்தி எவ்வளவு பயன்பட்டது என்பது குளக்கரை ஊர்களில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

“அப்ப வட்ஸ்அப்பும் வேணும், பட்டனும் வேணும். எதை வாங்குறது?”

அன்ட்ரொய்ட் இயங்குதளத்தில் பொத்தான்கள் உள்ளதைத் தேட வேண்டும். எனக்குத் தெரிந்தவற்றுள் சில: சம்சுங் கலக்சி போல்டர் 2 என்பது 2017இல் வந்த, மடிக்கும் வகை, 3.8 அங்குலத் தொடுதிரையும் நல்ல பெரிய இலக்கப் பொத்தான்களும் கழற்றக்கூடிய பற்றரியும் கொண்டது. சின் எப்21 புரோ என்பது சீனாவில் செய்யப்பட்ட, 2.8 அங்குலத் திரையும் 12 இலக்கப் பொத்தான்களும் உள்ள, உள்ளங்கைக்குள் அடங்கும் கைபேசி. முழு எழுத்துப் பலகை வேண்டுமானால் 2018இல் வந்த பிளக்பெரி கீ2, 2021இல் வந்த யுனிஹேர்ட்ஸ் டைட்டன் பொக்கெற் ஆகியன உள்ளன. கீ2 பிளக்பெரி என்ற பெயரைத் தாங்கினாலும் அன்ட்ரொய்டில் இயங்குவது; முந்தைய பதிலில் சொன்ன நிறுத்தம் அதைப் பாதிக்காது.

இவற்றுள் பல நம் ஊர்க் கடைகளில் வரிசையாக அடுக்கியிருப்பவை அல்ல, வெளிநாட்டு உறவினர் வழியாகவோ இணையத்தில் கேட்டோ வருபவை. சீனச் சந்தைக்கான பதிப்பாக இருந்தால் கூகுள் சேவைகள் இராது. விற்பவரிடம் அதை முதலில் கேளுங்கள். போல்டர் 2 அன்ட்ரொய்ட் 6.0 உடன் வந்தது. வட்ஸ்அப் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருவதாலும், அன்ட்ரொய்ட் 4.4 போன்றவை ஏற்கெனவே வெளியே போய்விட்டதாலும், இன்று காசு கொடுத்து வாங்குபவருக்கு 6.0ஐ விடப் புதிய பதிப்பையே நான் சொல்வேன்.

“கனடாவில இருந்து அண்ணா ஒண்டு அனுப்புறாராம். இஞ்ச வேலை செய்யுமோ?”

அனுப்புவதற்கு முன்னர் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது பூட்டு: அங்குள்ள சேவை நிறுவனத்துடன் மட்டும் வேலை செய்யும்படி பூட்டப்பட்ட கைபேசியில் நம் சிம் ஏறாது. எடுத்துக்காட்டாக, கட் எஸ்22 என்ற மடிக்கும் கைபேசி உறுதியானது, நீர் புகாதது, பொத்தான்களும் அருமையானவை. ஆனால் அது அமெரிக்காவில் ஒரு சேவை நிறுவனத்துக்காகவே விற்கப்பட்டது.

இரண்டாவது அலைவரிசை. இலங்கையில் 2ஜி 900, 1800 மெகாஹேர்ட்ஸ்களிலும், 4ஜி முதன்மையாக 1800 மெகாஹேர்ட்ஸிலும் இயங்குகின்றன. வட அமெரிக்காவிலோ 700, 850, 1700, 1900 போன்றவையே வழக்கம். கைபேசியின் விபரத்தில் 4ஜி ‘பாண்ட் 3’ இருக்கிறதா என்று அண்ணாவைப் பார்க்கச் சொல்லுங்கள், அதுதான் 1800. ஐரோப்பாவிலிருந்து வருபவற்றில் இந்தச் சிக்கல் குறைவு.

மூன்றாவது பதிவு. *#06# என்று அழுத்தினால் ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனியே உள்ள 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் திரையில் வரும். ஆங்கிலத்தில் அந்த நான்கு எழுத்துகளையும் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவானதா என்ற பதில் வரும். கடையில் வாங்கினாலும் காசு கொடுக்கும் முன்னர் இதைச் செய்யுங்கள்.

“4ஜி எண்டு காட்டுது. ஆனா ஆரும் கோல் எடுத்தா இன்ரநெற் நிக்குது. ஏன்?”

4ஜி வலையிலேயே குரலையும் அனுப்பும் முறைக்கு வோல்ட்டீ என்று பெயர். கைபேசியில் அந்த வசதி இருந்து, சேவை நிறுவனமும் அந்த மாதிரிக்கு அதை அனுமதித்திருந்தால்தான் வேலை செய்யும். நம் நாட்டில் விற்பனைக்கு வராத மாதிரிகளுக்கு அந்த அனுமதி பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், அழைப்பு வந்தவுடன் கைபேசி கீழே இறங்கி 2ஜி போன்ற பழைய வலையைப் பிடிக்கும். 2ஜியில் கதைக்கும் நேரத்தில் இணையம் நின்றுவிடும். அழைப்பு முடிந்ததும் தானாகவே திரும்பும். இது திருத்தக்கூடிய பழுது அல்ல, ஆகையால் இதற்காகத் திருத்தும் கடைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

“நெடுங்கேணிப் பக்கம் பட்டன் போனுக்குத்தான் சிக்னல் இழுக்கும் எண்டு சொல்லுகினம். உண்மையோ?”

பொத்தானுக்கும் சிக்னலுக்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் அவர்கள் கண்டது பொய்யும் இல்லை. சாதாரண பட்டன் போன் 2ஜியில் 900 மெகாஹேர்ட்ஸைப் பிடித்துக்கொள்ளும். குறைந்த அலைவரிசை தூரம் செல்லும், மரங்களையும் கூடுதலாக ஊடுருவும். 4ஜி கைபேசியோ 1800ஐத் தேடிக்கொண்டே இருந்து பற்றரியையும் தின்றுவிடும். காட்டோரக் கிராமத்தில் கதைப்பதுதான் முதன்மைத் தேவை என்றால், அமைப்புகளுக்குள் சென்று வலை வகையை 2ஜி என்று வையுங்கள். இணையம் தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாம்.

“சார்ஜ் ரெண்டு நாளைக்கு நிக்குமோ?”

பழைய ஆஷா 202இல் உள்ள பி.எல்-5சி பற்றரி 1020 மில்லிஅம்பியர் மணி கொள்ளளவு கொண்டது. அது கதைப்பதற்கு மட்டும் பாவித்தால் பல நாட்கள் நிற்கும். சின் எப்21 புரோவில் 2120 உள்ளது, ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் அன்ட்ரொய்ட் பின்னணியில் எப்போதும் இயங்குவதால் வட்ஸ்அப் பாவிப்பவருக்கு ஒரு நாள் தாண்டுவது கடினம். டைட்டன் பொக்கெற்றில் 4000 உள்ளது. எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் வேலையையும் சேர்த்துப் பாருங்கள்.

பி.எல்-5சி எந்தச் சிறிய கடையிலும் கிடைப்பதால் போலிகளும் ஏராளம். பற்றரியை மேசையில் வைத்துச் சுண்டிச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் போலச் சுழன்றால் நடுப்பகுதி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை உடனே மாற்றுங்கள், குத்தவோ நெருப்பில் போடவோ வேண்டாம்.

“கடலுக்குள்ள விழுந்திட்டுது. ஒரு கிழமையா அரிசிக்குள்ள வச்சிருக்கு. திறந்து பாப்பியளோ?”

அந்த ஒரு கிழமைதான் கைபேசியைக் கொன்றது. அரிசி வெளியே உள்ள ஈரத்தைச் சிறிது எடுக்கலாம், உள்ளே பலகையில் படிந்த உப்பை எடுக்காது. உப்பு மின்னோட்டத்தோடு சேரும்போது செப்புக் கோடுகள் சில நாட்களிலேயே பச்சையாகி அரித்துப்போகும். விழுந்தவுடன் நிறுத்துங்கள், பற்றரி கழற்றக்கூடியதானால் கழற்றுங்கள், சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டாம், அன்றைக்கே கொண்டு வாருங்கள். நாங்கள் பலகையைக் கழற்றி ஐசோபுரோபைல் அற்ககோலால் கழுவி உலர்த்துவோம். கொக்கிளாயிலிருந்து அன்றே பேருந்தேறிக் கொண்டு வந்த பலரின் கைபேசிகள் பிழைத்திருக்கின்றன.

“ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யுதில்லை. முழுசா மாத்தவேணுமோ?”

பெரும்பாலும் தேவையில்லை. ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் கவிழ்த்த கிண்ணம் போன்ற மெல்லிய உலோகத் தகடு உண்டு. அழுத்தினால் அது தட்டையாகிக் கீழே உள்ள இரு வளையங்களை இணைக்கும், நமக்குக் கேட்கும் ‘டக்’ ஒலி அதனுடையது. நெல் தூசியும் வியர்வையும் உள்ளே போனால் இணைப்பு விடும். ஒலி கேட்டும் எழுத்து வரவில்லை என்றால் அழுக்கு, துடைத்தால் சரிவரும். ஒலியே கேட்கவில்லை என்றால் தகடு உடைந்தது, தகட்டுத் தாளை மாற்ற வேண்டும். மடிக்கும் கைபேசியில் பொத்தான்கள் சரியாக இருந்தும் திரை வெளிறினால், பிணைச்சல் வழியாகப் போகும் பட்டி வயரைச் சந்தேகிக்க வேண்டும். அது கொஞ்சம் செலவான வேலை.

“பாவிச்சது ஒண்டு வாங்கப் போறன். கடையில நிண்டு என்னத்தைப் பாக்கிறது?”

மேலே சொன்ன ஈர விரல் சோதனையையும் 1909 சோதனையையும் முதலில் செய்யுங்கள். பிறகு இலக்கம் அழுத்தும் திரையைத் திறந்து 1 முதல் 9 வரையும், பின்னர் உடுக்குறி (*), 0, சதுரக்குறி (#) ஆகியவற்றையும் ஒருமுறை மெதுவாக அழுத்துங்கள். ஓர் அழுத்துக்கு இரண்டு இலக்கங்கள் விழுந்தால் அந்தத் தகடு தேய்ந்திருக்கிறது. ஒரு படத்தைத் திறந்து, திரையின் நான்கு மூலைகளுக்கும் விரலை எடுக்காமல் இழுத்துப் பாருங்கள்; நடுவில் தொடுகை அறுந்தால் வாங்க வேண்டாம். பின்மூடியைக் கழற்றச் சொல்லி, பற்றரிக்கு அடியில் உள்ள சிறிய வெள்ளை ஒட்டுத்தாளைப் பாருங்கள். அது சிவந்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

உங்கள் சொந்தச் சிம்மைப் போட்டு, கடைக்கு வெளியே வந்து, வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுத்து இரண்டு நிமிடம் கதையுங்கள். அம்மாவுக்கு வாங்குவதானால் அம்மாவையும் கூட்டி வாருங்கள். அவருடைய பெருவிரல் 5இன் புள்ளியைத் தேடிப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகு விலையைக் கதைக்கலாம்.